மப்ளருக்கும் சைலன்சருக்கும் என்ன உறவு?

ஒரு சின்னப் பரீட்சை. மார்க் கிடையாது, பயப்பட வேண்டாம்.

மப்ளர் என்பது யாது?

அ) மார்கழி மாதம் தாத்தா கழுத்தில் தொங்குவது.
ஆ) அமெரிக்காவில் காருக்கு அடியில் தொங்குவது.
இ) இரண்டும்.

'இ' என்று டிக் அடித்த மேதாவிகள் நேராக ஜோக்ஸ் பக்கத்துக்குப் போகலாம். அமெரிக்காவில் இருக்கும் சித்தி பையன், "மஃப்ளர் ஓட்டையாயிடுச்சு, மாத்த எக்கச்சக்கமா செலவு"ன்னு போனில் புலம்ப, "அவ்வளவு விலையில என்னடா கம்பளி?" என்று கேட்ட நம்மைப் போன்றவர்கள் மட்டும் மேலே படிக்கவும்.

முதலில் ஸ்பெல்லிங்

எம், யூ, டபுள் எஃப், எல், ஈ. மஃபிள். அதோடு ஒரு 'ஆர்' சேர்த்தால் மஃப்ளர். ஒரு எஃப் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. இங்கிலீஷில் குறிலாக உச்சரிக்க வேண்டுமானால் மெய்யெழுத்தை இரண்டாகப் போடுவது வழக்கம். ஒரே எஃப் போட்டால் நீண்டு விடும். உதாரணம், ரைஃபிள். அதற்கு ஒரு எஃப்தான். ஞாபகம் வைத்துக்கொள்ள சுலப வழி: ஒரு எஃப் இருந்தால் வெடிக்கும், இரண்டு எஃப் இருந்தால் அடக்கி வாசிக்கும்!

தமிழில் எழுதுவது இன்னும் வம்பு. 'மஃப்ளர்' என்று ஆய்தம் போட்டு எழுதினால் படித்தவர் மாதிரி இருக்கும். ஆனால் தொல்காப்பியர் ஆய்தத்துக்குப் போட்ட கண்டிஷன் ரொம்ப ஸ்ட்ரிக்ட். முன்னால் ஒரு குறில் இருக்க வேண்டும். பின்னால் உயிரோடு கூடிய வல்லின எழுத்து வர வேண்டும். அஃது, எஃகு மாதிரி. மஃப்ளரில் முன்னால் 'ம' - குறில்தான், பாஸ். பின்னால் வருவது 'ப்' - உயிரே இல்லாத வெறும் மெய். ஃபெயில். (அந்தக் கணக்குப்படி 'எஃப்' என்று எழுதுவதே ஃபெயில்தான். அதை விடுங்கள்.)

ஆகவே ஜவுளிக்கடை போர்டில் 'மப்ளர்' என்று எழுதியிருப்பதைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். ஒரே ஆபத்து, சந்தி பிரித்தால் 'மப்பு உளர்' என்று வரும். அதாவது மப்பு உள்ளவர்கள். டாஸ்மாக் வாசலில் இரவு பத்து மணிக்கு நிறைய மப்புளர்களைப் பார்க்கலாம். அவர்கள் சத்தத்தை அடக்குகிற ஜாதி இல்லை.

கையில் பிறந்து கழுத்துக்கு வந்தது

பூர்வீகத்துக்கு வருவோம். பழைய ஃபிரெஞ்சில் 'மூஃப்ல்' என்று ஒரு சொல். அர்த்தம், கையுறை. ஐந்து விரலுக்கும் தனித்தனி வீடு கட்டின நாகரிகக் கையுறை இல்லை. கட்டை விரலுக்கு மட்டும் தனி ரூம் கொடுத்துவிட்டு மற்ற நாலு விரலையும் கூட்டுக் குடித்தனம் வைக்கிற குளிர்நாட்டுக் கையுறை. அதற்கும் முன்னால் இடைக்கால லத்தீனில் 'முஃபுலா'. அங்கிருந்து புறப்பட்டு இங்கிலீஷுக்கு வந்தபோது மஃபிள் என்றால் 'துணியால் சுற்றிப் போர்த்து' என்று ஆனது. இதே வீட்டுப் பிள்ளை இன்னொன்று, டச்சுக்காரர் வழியாக வந்தது 'மஃப்'. சீமாட்டிகள் இரண்டு பக்கமும் கையை விட்டுக்கொள்ளும் கம்பளிக் குழாய். இந்தத் தம்பி பின்னால் மறுபடி வருவார், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

16ஆம் நூற்றாண்டில் மஃப்ளர் என்றால் பெண்கள் கன்னம், மோவாய், வாய் எல்லாம் மறைய முகத்தில் சுற்றும் துணி. ஷேக்ஸ்பியரின் 'மெர்ரி வைவ்ஸ் ஆஃப் வின்ட்ஸர்' நாடகத்தில் ஃபால்ஸ்டாஃப் என்ற குண்டு மாப்பிள்ளை அடி உதைக்குப் பயந்து கிழவி வேஷம் போட்டுக்கொண்டு ஓடுவார். மப்ளருக்கு அடியில் தாடி எட்டிப் பார்ப்பதை ஒரு பாதிரியார் கண்டுபிடித்து விடுவார். நம்ம சினிமாவில் கதாநாயகன் மருவும் மப்ளருமாக மாறுவேஷத்தில் வந்தால் சொந்தத் தாய்க்கே அடையாளம் தெரியாது. ஷேக்ஸ்பியருக்கு அந்த அளவு தைரியம் வரவில்லை!

சரி, சத்தம் எப்படி உள்ளே வந்தது? வாயைத் துணியால் சுற்றினால் என்ன ஆகும்? பேச்சு அமுங்கும். அவ்வளவுதான் ரகசியம். போர்த்துவது என்ற அர்த்தம், சத்தத்தை அமுக்குவது என்று நகர்ந்துவிட்டது. ராத்திரி எதிரிக்குத் தெரியாமல் படகில் போகிறவர்கள் துடுப்புக்குத் துணி சுற்றினார்கள். ராணுவ இறுதி ஊர்வலத்தில் முரசுக்குக் கறுப்புத் துணி போர்த்தினார்கள். இங்கிலாந்தில் துக்க நாட்களில் மாதா கோயில் மணியின் நாக்குக்கு ஒரு பக்கம் மட்டும் தோல் உறை மாட்டுவது உண்டு. ஒரு தடவை கணீர் என்று கேட்கும். அடுத்த தடவை எங்கோ தூரத்தில் அடிப்பது போலக் கேட்கும்.

நமக்கு இது தலைகீழ். சாவு வீட்டில் பறையை அமுக்கி அடித்தால் போனவர் எழுந்து வந்து கோபித்துக் கொள்வார். கல்யாணத்திலோ தாலி கட்டும் நேரம் கெட்டிமேளம். ஏன் தெரியுமா? அந்த நேரத்தில் யாராவது தும்மினாலோ, அழுதாலோ, அபசகுனமாகப் பேசினாலோ காதில் விழக்கூடாது. வெள்ளைக்காரன் துணியைப் போர்த்திச் சத்தத்தை அடக்கினான். நாம் சத்தத்தையே போர்த்திச் சத்தத்தை அடக்கினோம்!

ஆபீஸ்வாசிகளுக்கு ஒரு குறிப்பு. மியூட் வேறு, மஃபிள் வேறு. மீட்டிங்கில் அரை மணி நேரம் உயிரைக் கொடுத்துப் பேசி முடித்த பிறகு, "சார், மியூட்ல இருக்கீங்க" என்கிறார்களே, அது சத்தமே இல்லாத ஊமை நிலை. மஃபிள் என்றால் சத்தம் உண்டு. ஆனால் கம்பளிக்குள்ளிருந்து வருகிறது. மேனேஜர் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் யாரையோ திட்டுவது மஃபிள். கதவைத் திறந்து உங்களையே கூப்பிட்டால் அதற்குப் பெயர் வேறு.

காருக்கு அடியில் போனது எப்படி?

என்ஜினுக்குள் பெட்ரோல் வெடிக்கிறது. நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கான வெடி. புகை வெளியே பாயும்போது தீபாவளிதான். 1897ல் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் மில்டன் ரீவ்ஸும் அவர் அண்ணன் தம்பியுமாகச் சேர்ந்து என்ஜின் புகைக்குழாய்க்கு ஒரு சத்தமடக்கி செய்து பேடண்ட் வாங்கினார்கள். அமெரிக்கர்கள் அந்த மாதிரிச் சாதனத்துக்குக் கழுத்துத் துணியின் பேரையே வைத்தார்கள் - மஃப்ளர். பிரிட்டிஷ்காரர்கள் சைலன்சர் என்றார்கள். நாம் ஆண்ட பரம்பரையின் அகராதியைப் பிடித்துக்கொண்டோம். அதனால்தான் நம்ம ஊரில் மப்ளர் கழுத்தில், சைலன்சர் பைக்கில். மாற்றி மாட்டினால் சுடும்.

துப்பாக்கி சைலன்சரின் கதை இன்னும் ருசி. மாக்ஸிம் என்றொரு அப்பா, 1884ல் தானாகச் சுட்டுக்கொண்டே இருக்கும் மெஷின் கன்னைக் கண்டுபிடித்தார். கோடிக்கணக்கில் குண்டு, காது கிழியும் சத்தம். வருஷக்கணக்காக அந்தச் சத்தத்திலேயே இருந்து அவர் காது செவிடாகிப் போனது. அவர் பையன் ஹைரம் பெர்ஸி மாக்ஸிம் என்ன செய்தார்? 1909ல் துப்பாக்கிச் சத்தத்தை அடக்கும் சைலன்சருக்கு பேடண்ட் வாங்கினார். பிறகு மோட்டார் என்ஜின்களுக்கும் சத்தமடக்கி செய்தார். அப்பா போட்ட சத்தத்தை அடக்கப் பிறந்த பிள்ளை! நம்ம வீடுகளில் இது பெரும்பாலும் எதிர்த்திசையில் நடக்கும்.

சைலன்சருக்குள் மந்திரம் ஒன்றும் இல்லை. சின்னச் சின்ன அறைகள், ஓட்டை போட்ட குழாய்கள். உள்ளே நுழையும் ஒலி அலை சுவரில் மோதித் திரும்பி வரும். பின்னால் வரும் அலையோடு மோதும். ஒன்றின் மேடு இன்னொன்றின் பள்ளத்தில் விழுந்தால் இரண்டும் காலி. மாமியார் மருமகள் சண்டை மாதிரி கூடாமல், கழிந்து போகிற சண்டை. சில ரகங்களில் கண்ணாடி நாரைத் திணித்து வைத்திருப்பார்கள். மிச்சமுள்ள சத்தத்தை அது குடித்துவிடும்.

இவ்வளவு பாடுபட்டுச் செய்ததை நம்ம இளவட்டங்கள் முதல் மாதச் சம்பளத்தில் மெக்கானிக்கிடம் கொண்டுபோய்க் கழற்றுகிறார்கள். தம்பிகளே, 1989ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 120வது விதி, எல்லா மோட்டார் வண்டிக்கும் சைலன்சர் கட்டாயம் என்கிறது. 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, சத்த அளவை மீறி ஓட்டினால் முதல் தடவைக்கே பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம் அல்லது மூன்று மாதம் வரை உள்ளே அல்லது இரண்டும். லைசென்ஸுக்கு மூன்று மாதம் லீவு. அவள் திரும்பிப் பார்ப்பாள் என்பதற்கு கியாரண்டி இல்லை. இன்ஸ்பெக்டர் நிச்சயம் பார்ப்பார்.

துணியும் சத்தமும் ஒரே கூரையில்

துணிக்கும் சத்தத்துக்கும் பிறந்த சொல் மஃபிள் என்று பார்த்தோம். அந்த இரண்டும் ஒரே கூரையின் கீழ் குடியிருக்கும் ஊர் ஒன்று இருக்கிறது. திருத்தணிக்குப் பக்கத்தில், ஆந்திர எல்லையை ஒட்டி, பள்ளிப்பட்டு வட்டத்தில் பொதட்டூர்பேட்டை. தமிழும் தெலுங்கும் ஒரே டீக்கடையில் கலந்து ஆறுகிற பிரதேசம். திருத்தணி வட்டாரமே எல்லைப் போராட்டத்துக்குப் பிறகு 1960 ஏப்ரல் முதல் தேதியன்றுதான் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. பொதட்டூர்பேட்டைக்காரர்களுக்குத் தொழில் நெசவு. அன்று கைத்தறி, இன்று விசைத்தறி.

என் ஆபீஸ் நண்பருக்கு அதுதான் சொந்த ஊர். ஒரு மார்கழி மாதம் அவரோடு போயிருந்தேன். தெருவுக்குள் நுழையும்போதே 'தடக் தடக் தடக்' என்று ஒரே தாளம். அவருடைய பெரியப்பா தறிக் கொட்டகையில் நின்றுகொண்டிருந்தார். தலையோடு காதைச் சுற்றி மப்ளர். நான் வாயைத் திறந்து பேசினேன். என் பேச்சு எனக்கே கேட்கவில்லை. அவர் என் உதட்டைப் பார்த்தார், சிரித்தார், கையைக் காட்டி வெளியே அழைத்து வந்தார்.

"மப்ளர் குளிருக்கா பெரியப்பா, சத்தத்துக்கா?" என்றேன்.

"இன்னா?"

மறுபடி கத்திக் கேட்டேன்.

"குளிருக்குத்தான் தம்பி. சத்தத்துக்கு இதெல்லாம் ஒண்ணும் ஆவறதில்ல. முப்பது வருசமா பளகிடுச்சு."

'பழகிவிட்டது'. அந்த ஒரு வார்த்தையில்தான் சார் விஷயமே இருக்கிறது.

நாடா போட்ட தறியில், அடிகட்டை நாடாவை ஒரு பக்கமிருந்து ஓங்கி அடிக்கிறது. அது பறந்து மறுபக்கப் பெட்டியில் மோதி நிற்கிறது. உடனே அங்கிருந்து திருப்பி அடி. நிமிஷத்துக்கு நூறு தடவைக்கு மேல். அது ஒரு தறி. ஒரு கொட்டகையில் பல தறி. இப்படி நாடாத் தறி ஓடும் இடங்களில் சத்தம் 90 டெசிபலைத் தாண்டுவது சகஜம். நம்ம நாட்டு தொழிற்சாலை விதிகள் எட்டு மணி நேரத்துக்கு அனுமதிக்கும் உச்சவரம்பே 90தான். உலகத்து நிபுணர்கள் பலர் 85க்கு மேல் கூடாது என்கிறார்கள். அவர்கள் கணக்கில் மூன்று டெசிபல் ஏறினால் நேரம் பாதியாகும். 88 என்றால் 4 மணி நேரம். 91 என்றால் 2 மணி நேரம். 94 என்றால் 1 மணி நேரம். 97க்கு அரை மணிதான். தறிக்காரருக்கு ஷிப்ட் அரை மணியில் முடிகிறதா என்ன?

(டெசிபல் என்ற பெயர் டெலிபோன் புகழ் அலெக்சாண்டர் கிரகாம் பெல் நினைவாக வந்தது. அவர் அம்மாவுக்கும் மனைவிக்கும் காது கேட்காது. உலகத்தையே போனில் பேச வைத்தவர் வீட்டில் நிலைமை அது.)

காதுக்குள் நத்தைக்கூடு மாதிரி ஒரு சுருள். அதில் சுமார் 15,000 நுண்ணிய மயிர் செல்கள். நாற்று வயல் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். ஒருத்தர் ஒரு தடவை மிதித்து நடந்தால் நாற்று சாய்ந்து, மறுநாள் நிமிர்ந்துவிடும். தினமும் அதே வரப்பில்லாத வழியில் ஊரே நடந்தால்? தடமாகிவிடும். வயலில் மறுபடி நடலாம். காதில் நட முடியாது. போனது போனதுதான். 'பழகிடுச்சு' என்று நாம் சொல்வது பழக்கமில்லை சார், நஷ்டம்.

அதுவும் ஒரேயடியாகப் போவதில்லை. முதலில் கீச்சுக் குரல்கள் போகும். 'ச', 'த', 'ஸ்' போன்ற மெல்லிய சீறல் ஓசைகள் நழுவும். ஆள் பேசுவது கேட்கும். என்ன பேசுகிறார் என்று புரியாது. 'கேக்குது, வெளங்கல' என்பார்கள். டி.வி.யை ஏற்றி வைப்பார்கள். பேத்தி பள்ளிக்கூடத்துக் கதை சொல்லும்போது தலையை மட்டும் ஆட்டுவார்கள். அவளும் கொஞ்ச நாளில் சொல்வதை நிறுத்திவிடுவாள். உலகம் முழுக்க மப்ளர் சுற்றிக்கொண்ட மாதிரி.

இங்கிலாந்தில் லங்காஷயர் பஞ்சாலைத் தறிக்காரர்களுக்கும் இதே கதிதான். அவர்கள் உதட்டை அகல அகல அசைத்து, சத்தமில்லாமல் பேசும் ஒரு பாஷையே வளர்த்தார்கள். 'மீ-மா' என்று பெயர். வேலை முடிந்து தெருவில் நின்று வம்பு பேசும்போதும் அதே உதட்டசைவு. பொதட்டூர்பேட்டை கொட்டகையில் பெரியப்பா என் உதட்டைப் பார்த்தாரே, அது நம்ம ஊர் மீ-மா.

சட்டம் சும்மா இல்லை. 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாவது அட்டவணையில் சத்தத்தால் வரும் செவிட்டுத்தன்மை, அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய தொழில் நோய் என்றே இருந்தது. ஆனால் வீட்டுத் திண்ணையை அடுத்து நாலு தறி போட்டவருக்கு முதலாளியும் அவரே, தொழிலாளியும் அவரே. யார் யாருக்குத் தெரிவிப்பது?

தமிழில் என்ன சொல்வது?

மஃபிளுக்குத் தமிழ் இல்லையா என்று கேட்பீர்கள். தாராளமாக இருக்கிறது. 'வாயைப் பொத்து', 'காதைப் பொத்து' என்கிறோமே, அந்தப் 'பொத்து' போதும். 'பொதி' என்றாலும் மூடிச் சுற்றுவதுதான். (பொதட்டூர்பேட்டையில் 'பொத' இருக்கிறதே என்று யாரும் தீஸிஸ் எழுதக் கிளம்ப வேண்டாம். இது ஊர்ப்பெயர் ஆராய்ச்சி இல்லை. காதில் விழுந்த ஒற்றுமை.) 'அமுக்கு', 'அடக்கு' இருக்கின்றன. அதட்டலுக்குக் 'கப்சிப்'. இந்தியில் இதன் ஜாடையில் 'குப்சுப்' உண்டு. ஒடிசாவில் குப்சுப் என்று கேட்டால் பானிபூரி கொடுப்பார்கள். வாய் நிறைய போட்டுக்கொண்டால் பேச முடியாதே, நியாயம்தான்.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்த சொல் பக்கத்திலேயே, மலைமேல் இருக்கிறது. தணி. சூரனோடு போரிட்ட முருகனின் சினம் தணிந்த இடம் என்பதால் திருத்தணிகை என்று தலபுராணம் சொல்லும். அதனால்தான் மற்ற முருகன் கோயில்களில் கந்தசஷ்டிக்கு நடக்கும் சூரசம்ஹாரம் திருத்தணியில் கிடையாது. போர்ச் சத்தத்துக்குப் பதிலாகப் பூ. சைலன்சருக்கு 'ஒலி தணிப்பான்' என்று பெயர் வைத்தால் எவ்வளவு பாந்தமாக இருக்கிறது பாருங்கள். அடக்குவதில் ஓர் அதட்டல் இருக்கிறது; தணிப்பதில் ஓர் அக்கறை இருக்கிறது.

தம்பி மஃப் வருகிறார்

கம்பளிக் குழாய் மஃபை ஞாபகம் வைத்திருக்கிறீர்களா? 1877ல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்துப் பையன் செஸ்டர் கிரீன்வுட், பனியில் காது விறைக்கிறது என்று கம்பியில் இரண்டு காதுறைகளை மாட்டி பேடண்ட் வாங்கினான். அதுதான் இயர் மஃப். குளிருக்குப் பிறந்த அது, பிற்பாடு சத்தத்துக்கும் காவலாக வந்தது. ஏர்போர்ட்டில் விமானத்துக்கு வழிகாட்டுகிறவர் காதில் கிண்ணம் மாதிரி மாட்டியிருப்பாரே, அதேதான். அது கனமாக, வியர்வையாக இருந்தால் காதுக்குள் உருட்டி வைக்கும் நுரை அடைப்பான் இருக்கிறது. சில ரூபாயில் கிடைக்கும். சரியாகப் பொருத்தினால் சத்தத்தைப் பத்து இருபது டெசிபல் இறக்கிவிடும்.

வெறும் பஞ்சு? பலர் அதைத்தான் வைக்கிறார்கள். ஒலிக்கு அது கொசுவலை மாதிரி. கொசு நிற்கும், காற்று போகும். மப்ளரும் அப்படியே. பெரியப்பா சொன்னது நூற்றுக்கு நூறு சரி.

ஊருக்கெல்லாம் போர்த்திக்கொள்ளத் துணி நெய்து கொடுக்கிறவர்கள் காதுக்கு மட்டும் போர்வை இல்லை. உங்கள் வீட்டில் தறியோ, மாவு மில்லோ, லேத்தோ, பட்டறையோ ஓட்டுகிற அப்பா, சித்தப்பா யாராவது இருந்தால் இந்த வார நூறு ரூபாயை சினிமாவுக்குக் கொடுக்காமல் நாலு ஜோடி அடைப்பான் வாங்கிப் போங்கள். "எனக்கெதுக்குடா இது, நல்லாத்தானே கேக்குது" என்பார். விடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து மெதுவான குரலில் ஒரு சின்ன விஷயம் சொல்லிப் பாருங்கள்.

"இன்னா?" என்று கேட்டால், அடைப்பானோடு அவரைக் காது டாக்டரிடமும் கூட்டிப் போங்கள். முக்கியமாக, பைக்கில் போகும்போது சைலன்சர் மாட்டியிருக்கட்டும்.